வெற்றிலை எடுத்தவர்கள்

யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் அத்தை முதலில் கதவைத்தான் பார்ப்பார். ஆளைப் பார்ப்பதெல்லாம் அப்புறம். கதவு உள்பக்கம் திறக்கிறதா வெளிப்பக்கமா, தாழ்ப்பாள் எங்கே, கொல்லைக்குப் போக வேறு வழி உண்டா என்று கண்ணாலேயே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான், "என்ன குழம்பு இன்னைக்கு?" என்று ஆரம்பிப்பார். குழம்பைப் பற்றிப் பேசிக்கொண்டே பார்வை பரணுக்குப் போய்விடும்.

"பரண்ல என்ன பாத்திரமா? அதை எறக்கிட்டா ரெண்டு பேர் தாராளமா படுக்கலாம் போலருக்கே."

கேட்டவர்கள் சிரிப்பார்கள். அத்தையும் சிரிப்பார். அவருடைய சிரிப்பில் சத்தம் வராது; தோள் மட்டும் குலுங்கும்.

அத்தை என்றால் சொந்த அத்தை இல்லை. நாங்கள் முஸ்லிம்கள், அவர் வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொள்கிறவர். ஒரத்தநாட்டுக்குத் தெற்கே, புது ஆற்றுப் பாசனத்தில் இருக்கிற ஊர் எங்களுடையது. தெருவில் எங்கள் ஆட்கள் வீடு எங்களுடையது ஒன்றுதான். முன்பக்கம் அத்தாவின் மளிகைக் கடை, பின்னால் வீடு; அப்பாவை நாங்கள் அத்தா என்போம். பக்கத்து வீட்டை விலைக்கு வாங்கிக்கொண்டு வந்தவர் அத்தை. இத்தாலியில் வயசானவர்களைப் பார்த்துக்கொள்கிற வேலையில் வருஷக்கணக்காக இருந்துவிட்டுத் திரும்பியவர். தெருவே அவரை இத்தாலியம்மா என்றது. அவருடைய அப்பாவும் அம்மாவும் இதே தெருக்காரர்களின் வயலில் நாற்றுப் பறித்து நடவு நட்டவர்கள். அந்தத் தெருவிலேயே மாடி வீடு வாங்கி, வாசலில் ரோஜாத் தொட்டி வைத்து உட்கார்ந்தது சிலருக்குத் தொண்டையில் முள்ளாகவே இருந்தது. அவர் காப்பி கொடுத்தால், "இப்பத்தான் குடிச்சேன்" என்று சொல்கிறவர்கள் இன்றும் உண்டு. இன்றும் என்று சொல்லக் கூடாது. அத்தை போய்ச் சேர்ந்துவிட்டார்.

எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். அவருடைய பேச்சுதான் பல நாள் பிடிக்காது. நான் அப்போது தஞ்சாவூரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸுக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். நாளெல்லாம் அடுத்தவன் வரவுசெலவைப் பார்த்துத் தலைவலியோடு பஸ் இறங்கி வந்தால், வாசலில் நின்றுகொண்டு, "உங்க கொல்லைச் சுவரு ஏறிக் குதிக்கிற உசரம்தான்டி, அது நல்லது" என்று ஒரு சேதி சொல்வார். வேலை மெனக்கெட்டு யோசித்து வைத்திருப்பார் போல.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சர்க்கரை தீர்ந்துவிட்டது என்று அத்தா என்னைக் கடைக்குப் பின்னாலிருக்கிற குடோனுக்கு அனுப்பினார். ஜன்னல் இல்லாத அறை. கதவைத் திறந்து விளக்கு சுவிட்சைத் தேடும்போதே உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டது. அரிசி மூட்டைகளுக்கு நடுவில், முழங்காலைக் கட்டிக்கொண்டு, சுவரோடு சுவராக ஒட்டி உட்கார்ந்திருந்தார் அத்தை. எனக்கு உயிர் போய்த் திரும்பி வந்தது.

"கத்தாத. வெளிய போயி கதவைச் சாத்திட்டு நில்லு. என் மூச்சு சத்தம் கேக்குதான்னு பாரு."

அவர் எப்போது உள்ளே போனார், எவ்வளவு நேரமாக அப்படி உட்கார்ந்திருக்கிறார், எதுவும் கேட்கத் தோன்றவில்லை. சொன்னபடி சாத்திவிட்டு நின்றேன். பட்டப்பகல். முன்னால் அத்தா யாருக்கோ துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கேட்டது. ஒரு தடவை காதில் விழுந்ததும் அது மட்டும்தான் கேட்டது, தராசுச் சத்தம், தெருச் சத்தம் எதுவும் கேட்கவில்லை.

"கேக்குது அத்தை."

கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். புடவையில் ஒட்டியிருந்த தவிட்டைத் தட்டிவிட்டுக்கொண்டே, "மூட்டையை இன்னும் ஒரு வரிசை முன்னாடி அடுக்கணும்" என்றார். "உங்க அத்தாவுக்கு இருமல் வேற இருக்கு. அதுக்கு ஒரு வழி பண்ணணும்டி."

மருந்து வாங்கித் தருகிற மாதிரி சொன்னார். நான் சர்க்கரையை எடுக்காமலே கடைக்குத் திரும்பினேன்.

இது எங்கே பிடித்த பழக்கம் என்று அப்புறம்தான் தெரிந்தது. இத்தாலியின் வடக்கே அவர் கடைசியாகப் பார்த்துக்கொண்டது ஒரு யூத மூதாட்டியை. சிக்னோரா என்றுதான் சொல்வார், அங்கே அம்மா மாதிரி மரியாதைச் சொல்லாம் அது.

"அங்கயும் நெல்லு வயலுதான்டி. நம்ம ஊரு மாதிரியே வரப்பு போட்டு, தண்ணி கட்டி. போன மறுநாளு ஜன்னலைத் திறந்து பாத்துட்டு அழுதுட்டேன்."

சிக்னோரா சின்னப் பெண்ணாக இருக்கும்போது அங்கே பாசிஸ்ட் ஆட்சி. கறுப்புச் சட்டைக்காரர்கள் ஆட்சி என்று அத்தை சொன்னதும் எங்கள் அத்தாவுக்குக் குழப்பமாகிவிட்டது. நம் பக்கத்தில் கறுப்புச் சட்டைக்காரர் என்றால் சாமி இல்லை என்று மேடை போட்டுப் பேசுகிறவர், கடையில் சோடா குடித்துவிட்டு நலம் விசாரித்துப் போகிறவர். "அவங்க வேற பாய், இவங்க வேற" என்று அத்தை விளக்க வேண்டியிருந்தது.

முதலில் யூதப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு வரக் கூடாது என்று சட்டம் வந்ததாம். வாசலில் நின்று டீச்சர் சிக்னோராவின் தலையைத் தடவி, நாளையிலிருந்து வரவேண்டாம் கண்ணு என்றாளாம். சட்டம்கூட மறந்துபோச்சு, அந்தத் தடவல் மறக்கவில்லை என்பாராம் சிக்னோரா. பிறகு அப்பாவின் துணிக்கடைக்கு வருகிறவர்கள் எதிர்ச்சாரியில் நடக்க ஆரம்பித்தார்கள். பிறகு வீட்டு ரேடியோவைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். வருஷங்கள் போய், ஆளையே பிடித்துப் போக வந்த அன்று மழை. அப்பா, அம்மா, சிக்னோரா மூன்று பேரும், வாராவாரம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்ட சிநேகிதர் வீட்டுக்கு ஓடியிருக்கிறார்கள். கதவைத் தட்டினால் திறக்கவில்லை. ஆனால் கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சு விடுகிற சத்தம் சிக்னோராவுக்குக் கேட்டதாம். அடுத்த வீடும் அப்படியே. கடைசியில், முகம் மட்டும் தெரிந்த ஒரு ரைஸ்மில் வேலைக்காரி, பிள்ளையை மட்டும் வைத்துக்கொள்கிறேன் என்று உமி கொட்டுகிற அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். அப்பா அம்மாவை ரயில் ஏற்றிவிட்டார்கள். திரும்பி வரவில்லை.

"நல்லவங்க கெட்டவங்கன்னு நான் பேசல" என்பார் அத்தை. "அந்தச் சிநேகிதங்க கெட்டவங்களா இருக்க மாட்டாங்க. பயந்திருப்பாங்க. முன்னாடியே ஒரு வார்த்தை கேட்டிருந்தா, முடியாதுன்னாவது சொல்லியிருப்பாங்க. நேரா ரைஸ்மில்லுக்குப் போயிருக்கலாம். கேட்டா அவங்க மனசு நோகுமேன்னு சிக்னோராவோட அம்மா கேக்கல. கூச்சத்துல செத்தாங்கடி."

கூச்சம் என்பதை அத்தை அதோடு விட்டுவிட்டார். அது யார் தலையில் விடிந்தது என்றால் எங்கள் தலையில்.

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. கல்யாணத்துக்கு வெளியூர்ச் சனம் நிறைய வந்தால், கல்யாண வீட்டில் அத்தனை பேரையும் தங்கவைக்க முடியாது. வெற்றிலை பாக்குத் தட்டோடு தெருவில் வீடு வீடாகப் போய், உங்கள் வீட்டில் எத்தனை பேருக்கு இடம் கிடைக்கும் என்று கேட்பார்கள். தட்டிலிருந்து வெற்றிலையை எடுத்துக்கொண்டால் வாக்குக் கொடுத்துவிட்டதாக அர்த்தம். அப்புறம் மாற முடியாது. வராதவனைப் பார்த்து, உன்னை வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டுமா என்று நாம் கேட்பதெல்லாம் சும்மா இல்லை.

எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த சமயம். ஒரு நாள் காலையில் அத்தை நல்ல புடவை கட்டிக்கொண்டு, எவர்சில்வர் தட்டில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம் எல்லாம் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"பாய் வீட்டு ஆளுங்க தங்கணும், உங்க வீட்டுல எத்தனை பேருக்கு இடம் இருக்கும்?"

"அதுக்கென்ன, தாராளமா அஞ்சாறு பேர் தங்கலாம். பொண்ணுக்கு முடிஞ்சிடுச்சா? மாப்பிள்ளை எந்த ஊரு?"

"கல்யாணம் இல்ல. பாய், அவரு சம்சாரம், பொண்ணு, மூணே பேருதான். ஒரு நாளைக்கு அவங்களை அடிக்கிறதுக்குக் கூட்டம் வந்துச்சுன்னா உள்ள வைப்பீங்களா?"

தெரு முழுக்க இதே கேள்வி. மூன்றாவது வீட்டு அம்மா மூச்சிரைக்க ஓடி வந்து எங்கள் அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "என்னக்கா, உங்களுக்கு ஏதும் பிரச்சினையா? யாராவது மிரட்டுறாங்களா?" என்று கண் கலங்கினாள். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்தபோது முகம் கறுத்துப்போய்விட்டது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நேரே அத்தை வீட்டுக்குப் போனாள். பின்னாலேயே நானும் ஓடினேன்.

"நாங்க என்ன குத்தம் பண்ணுனோம் ஒளியறதுக்கு? நேத்து வரைக்கும் இந்தத் தெருவுல எங்களை யாரும் அப்படிப் பாத்ததில்ல. நீங்கதான் இப்பப் பாக்க வச்சிட்டீங்க."

"கேக்காம இருந்தா பாக்க மாட்டாங்களா?" என்றார் அத்தை. குரல் ஏறவே இல்லை.

அம்மா அழுதாள். அழுது முடித்துவிட்டு, வந்த காரியத்தை மறந்து, "யாரு யாரு எடுத்தா?" என்று கேட்டாள்.

"சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"எடுக்காதவங்க வீட்டு விசேஷத்துக்கும் நீ நாளைக்குப் போவணும்ல தங்கச்சி?"

அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்குப் பிடித்தது பீடை. தெருவில் யாரும் மாறவில்லை, அதுதான் கொடுமை. எல்லாரும் முன்னைவிட நன்றாகப் பேசினார்கள். கோடி வீட்டிலிருந்து பொங்கலுக்கு வழக்கத்தைவிடப் பெரிய தூக்குவாளி வந்தது. முந்திரி மிதக்கிறது. "எடுத்தவங்களா இருப்பாங்களா, எடுக்காம விட்டதுக்குக் குடுத்தனுப்புறாங்களா?" என்று அம்மா வாளியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கடையில் யாராவது அத்தாவைப் பார்த்துச் சிரித்தால் அந்தச் சிரிப்பை வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்துப் பார்ப்போம். அதிலும் ஒரு சிக்கல். எடுக்காதவர்கள், கேள்விக்காக எடுக்கவில்லையா, தட்டை நீட்டிய கைக்காக எடுக்கவில்லையா? அது அத்தைக்கே தெரிந்திருக்குமோ என்னவோ.

அதிராம்பட்டினத்திலிருந்து மாமா வந்தார். "வீட்டைக் குடுத்துட்டு எங்க ஊருக்கு வந்துடுங்க மச்சான். நம்ம சனத்தோட சனமா இருக்கலாம்" என்றார். அத்தா இங்கேயே பிறந்தவர். இருந்தும், சரி என்கிற மாதிரித் தலையாட்டினார். அம்மாதான் ஒப்புக்கொள்ளவில்லை. "எவ எடுத்தா, எவன் எடுக்கலன்னு தெரிஞ்சா போதும், நான் பாட்டுக்கு இங்கேயே இருந்துடுவேன். ஒருத்தரு ரெண்டு பேரு எடுத்திருந்தாக்கூடப் போதும்" என்றாள். போவதா இருப்பதா என்பது அந்த ஒரு பதிலில் தொங்கிக்கொண்டிருந்தது. அத்தை வாயைத் திறக்கவில்லை.

அம்மாவுக்கு ஒரே ஒருவர் மேல் சந்தேகமே இல்லை. எதிர்வீட்டு அண்ணன். சொந்தமாக டிராக்டரும் ஒரு பழைய காரும் வைத்திருப்பவர். அத்தாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது பனியனோடு ஓடி வந்து, தூக்கி வண்டியில் போட்டு, தஞ்சாவூர் ஆஸ்பத்திரி வரைக்கும் ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் ஓட்டியவர். "அவன் எடுத்திருப்பான்டி" என்பாள் அம்மா. சாப்பிடும்போது சொல்வாள், தொழுதுவிட்டு எழுந்திருக்கும்போது சொல்வாள். நான் தலையாட்டுவேன்.

அப்படி இருக்கும்போதுதான், குறுவை நடவு சமயத்தில், அத்தை மறுபடியும் அதே புடவையும் அதே தட்டுமாகக் கிளம்பினார். இந்தத் தடவை எங்கள் வீட்டுக்கும் வந்தார்.

"எத்தனை பேருக்கு இடம் இருக்கும் தங்கச்சி?"

"யாருக்கு?"

"நடவுக்கு வந்திருக்கிற வடக்கத்திப் பசங்களுக்கு. மோட்டார் கொட்டகையில கெடக்குறாங்கல்ல, நாலு பேரு."

இப்போதெல்லாம் எங்கள் பக்கம் நடவுக்கு வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும்தான் ஆட்கள் வருகிறார்கள். பாட்டை போனில் சத்தமாக வைத்துக்கொண்டு மளமளவென்று நட்டுவிட்டுப் போவார்கள். அவர்களைப் பற்றி யாரும் எதுவும் பேசியதில்லை. அம்மா தட்டையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நாங்களே ஒண்டிக் குடும்பம். எங்களால எப்படிக்கா முடியும்? உங்களுக்கே தெரியும். நாங்க மாட்டோம்னு இல்ல. எங்களுக்கு ஒண்ணுன்னா யாரு வருவா?"

அத்தையின் தோள் குலுங்கியது. "உங்களுக்காகப் போனப்பயும் இதே வார்த்தையை நான் கேட்டிருக்கேன். ஒரு எழுத்து மாறல" என்றார்.

அத்தா கடையிலிருந்து எழுந்து வந்தார். பருப்புத் தூசிக் கையை வேட்டியில் துடைத்துவிட்டு, தட்டிலிருந்து இரண்டு வெற்றிலையை எடுத்து மடித்து வாயில் போட்டுக்கொண்டார். "கடைக்கு பீடி வாங்க வருவானுங்க. தங்கமான பசங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் போய்த் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். இரண்டு நாள் அம்மா அவரோடு பேசவில்லை.

நடவு பாதி முடிந்திருக்கும். அன்று எனக்கு லீவு. பள்ளிக்கூடம் விட்டு வெகுநேரமாகியும் கோடி வீட்டுச் சின்னப் பெண் வரவில்லை. பிள்ளை பிடிக்கிறவர்கள் வடநாட்டிலிருந்து வேலைக்காரர்கள் மாதிரி வந்திருக்கிறார்கள் என்று ஒரு குரல் பதிவு காலையிலிருந்தே எல்லார் போனிலும் சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கும் வந்தது. யாருடைய குரல் என்று தெரியாது, நம் ஊர்ப் பேச்சுதான், அழுத்தம் திருத்தமாக, அக்கறையாக இருந்தது. அம்மன் கோயில் பக்கம் ஆட்கள் சேர்கிற இரைச்சல் கேட்டது.

எங்கள் கொல்லைக் கதவு தட்டப்பட்டது. திறந்தால் அத்தை. அவருக்குப் பின்னால் காலெல்லாம் சேறாக நான்கு பேர். ஒருவன் கையில் இன்னும் நாற்று முடி இருந்தது.

"விருந்தாளிங்க வந்திருக்காங்க" என்றார் அத்தை.

எனக்கு முன்னால் அம்மா நகர்ந்தாள். மாட்டேன் என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். "கால் கழுவ நேரமில்ல, அப்படியே வாங்க" என்றாள். அவர்களைக் குடோனுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினோம். நான் ஈரத்துணியை எடுத்து வந்து தரையிலிருந்த சேற்றுக் காலடியைத் துடைத்தேன். என்ன யோசனையில் அதைச் செய்தேன் என்று தெரியவில்லை, யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

கொஞ்ச நேரத்தில் வாசலில் கூட்டம். எல்லாரும் தெரிந்த முகங்கள். முன்னால் நின்றது எதிர்வீட்டு அண்ணன். அம்மாவைப் பார்த்ததும் கையிலிருந்த கம்பை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார், பெரியவர்களைப் பார்த்தால் பீடியை மறைக்கிற மாதிரி.

"அக்கா, அந்த வடக்கத்திப் பயலுங்க இந்தப் பக்கம் ஓடி வந்தானுங்களா?"

"வரலையேப்பா."

கடையில் அத்தா இரும ஆரம்பித்தார். எப்போதும் வருகிற இருமல் இல்லை அது, பெரிய இருமல், நிறுத்தாத இருமல்.

"பாய்க்கு உடம்பு சரியில்லையா? வேணும்னா சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு வண்டி எடுக்கட்டுமா?" என்றார் அண்ணன். உண்மையான அக்கறை. அம்மா வேண்டாம் என்று தலையசைத்தாள். அண்ணன் ஒரு படி ஏறி வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கதவைச் சாத்திக்கிட்டு உள்ள இருங்கக்கா. பயப்படாதீங்க. இது உங்களுக்கு இல்ல. உங்களை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"சரிப்பா" என்றாள் அம்மா.

அவர்கள் வாய்க்கால் பக்கம் போனார்கள். மோட்டார் கொட்டகையில் தகரத்தை அடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு அந்தச் சின்னப் பெண் அவளுடைய சித்தியோடு ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். ஊர்த் திருவிழாவுக்குப் பாவாடை தைக்க அளவு கொடுக்கப் போயிருந்தாளாம். கூட்டம் கலைந்தது. யாரோ எதற்கோ சிரித்தார்கள். தெரு பழையபடி தெருவாகிவிட்டது.

அந்த நான்கு பேரும் குடோனிலிருந்து வந்து அடுப்படியில் வரிசையாக உட்கார்ந்து, டீயில் ரஸ்க்கைத் தொட்டுத் தின்றார்கள். விடிந்ததும் பட்டுக்கோட்டையில் பஸ் ஏற்றிவிடுவதாக அத்தா சொன்னார். அவர்களில் தமிழ் தெரிந்தவன் அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டான். அம்மா அதைக் கவனிக்கவில்லை. கதவோரம் உட்கார்ந்திருந்த அத்தையின் முன்னால் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

"அக்கா. இப்பவாவது சொல்லுங்க. எங்களுக்காகப் போனீங்கல்ல, அப்ப எதுத்த வீட்டுல எடுத்தானா?"

அத்தை டீ கிளாஸைக் கீழே வைத்தார். சொல்லமாட்டார் என்றுதான் நினைத்தேன்.

"எடுத்தான்" என்றார். "மொத ஆளா எடுத்தான். நான் கேட்டு முடிக்கல, அதுக்குள்ள எடுத்துட்டான். பாய் குடும்பத்துக்கு இல்லாத எடமான்னு கேட்டு அழுதான் தங்கச்சி."

இத்தனை நாளாக அம்மா கேட்கத் துடித்த வார்த்தை. எதிர்வீட்டில் அண்ணன் பாட்டுப் பாடிக்கொண்டே டிராக்டரைக் கழுவுகிற சத்தம் கேட்டது. அம்மா எழுந்து வாசற்கதவுக்குப் போனாள். கீழ்த்தாழ்ப்பாள் ஏற்கெனவே போட்டிருந்தது. எட்டி, மேல்தாழ்ப்பாளையும் போட்டாள்.